சிறந்த புதிய உணவகம்: யார் சாப்பிட்டார்கள், யார் பில் கட்டினார்கள்?

வாசகர் கேள்வி–பதில்

ஆண்டுதோறும் 'இந்த ஆண்டின் சிறந்த புதிய உணவகங்கள்' என்று பட்டியல்கள் வரிசைகட்டி வருகின்றன. பின்னாலேயே சண்டையும் வருகிறது. அந்தப் பட்டியல்களில் நியாயம் உண்டா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம்.

நியூயார்க்கின் முதல் உணவகம் என்று நம் ஊர்ச் சாப்பாடு போடும் 'செம்ம'வைச் சொல்லியிருக்கிறார்களே, அப்படியே நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

தாராளமாகப் பெருமைப்படுங்கள். பட்டியல் எப்படிப் போடப்பட்டது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். நியூயார்க் டைம்ஸ் 2025 ஜூனில் வெளியிட்ட 100 உணவகங்களில் செம்ம முதலிடம். அதே மாதம் அதன் செஃப், நத்தம் பக்கத்துக்காரரான விஜய் குமார், அமெரிக்க உணவுத் துறையின் ஜேம்ஸ் பியர்டு விருதில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் ஆனார். அதற்கு முன்பே, 2022-இல், பிரெஞ்சு உணவக வழிகாட்டியான மிஷலினின் நட்சத்திரம் ஒன்று வந்துவிட்டது. மூன்றும் வெவ்வேறு நடுவர்கள், வெவ்வேறு முறைகள். ஒரு பட்டியலின் முதலிடத்தைவிட இந்த மூன்றின் ஒற்றுமைக்குத்தான் நாங்கள் அதிக மதிப்புக் கொடுப்போம்.

அந்த 100 பேரில் முதல் பத்துக்கு மட்டுமே அந்தப் பத்திரிகை எண் போட்டது. மீதி 90 பேருக்கு வரிசை கிடையாது. 57-ஆவது கடைக்கும் 58-ஆவது கடைக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்லாமல் விட்டது நேர்மை.

செம்ம திறந்தது 2021 அக்டோபரில் என்பதையும் மறக்க வேண்டாம். முதலிடம் வந்தபோது கடைக்கு மூன்றரை வயது தாண்டிவிட்டது. 'புதிய உணவகம்' பட்டியல் போடுகிறவர்கள் கணக்கில் அது எப்போதோ பழைய கடை.

'புதிய' என்றால் எத்தனை மாதம்? திறந்து இருபது நாளான கடையையும் பதினோரு மாதமான கடையையும் ஒரே தட்டில் வைக்கிறார்களே?
– வாசகி, கோயம்புத்தூர்

எங்களைக் கேட்டால் இந்தப் பட்டியல்களின் பெரிய ஓட்டை இதுதான். லஞ்சம், சிபாரிசு எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 'சிறந்த புதிய உணவகம்' பிரிவுக்குக் கணக்கு, அக்டோபர் 1 முதல் அடுத்த செப்டம்பர் 30 வரை திறந்த கடைகள். முதற்கட்டப் பெயர்கள் ஜனவரியில், இறுதிப் பெயர்கள் வசந்தத்தில், விருது ஜூனில் சிகாகோவில். அக்டோபர் 5-ஆம் தேதி திறந்தவருக்கு ஜனவரிப் பட்டியலுக்குள் பதினைந்து மாதம் கிடைக்கிறது. செப்டம்பர் 25-இல் திறந்தவருக்கு நான்கு மாதம்கூட இல்லை. எத்தனை நடுவர்கள் வந்து சாப்பிட்டிருக்க முடியும் என்பதை இந்தக் கால அளவே பாதி தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது அடுப்படி. 'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்பது புதுக்கடைக்கும் பொருந்தும். முதல் அறுபது நாளில் முதலாளி கல்லாவை விட்டு நகர மாட்டார், மாஸ்டர் ஒவ்வொரு தட்டையும் பார்த்து அனுப்புவார், அரிசியும் எண்ணெயும் முதல் தரமாக இருக்கும். இன்னொரு பக்கம், சப்ளையர்களுக்கு மேசை எண்கூடப் பழகியிருக்காது, மெனுவில் பாதி 'இன்னிக்கு இல்லை' ஆக இருக்கும், ஒரே சாம்பார் மூன்று நாளில் மூன்று ருசியில் வரும். இந்த நாட்களில் போகும் நடுவர் கடையின் உண்மையான தரத்தைவிட மேலே எழுதுவார், அல்லது கீழே எழுதுவார். சரியாக எழுதினால் அது தற்செயல். கடை தன் நடைக்கு வருவது, எண்ணெய் விலையும் சம்பளமும் வாடகையும் முழுதாகத் தோளில் ஏறிய பிறகுதான்.

ஜேம்ஸ் பியர்டின் அந்தப் பிரிவுக்கான விதி தரத்தோடு நிற்பதில்லை. வரும் ஆண்டுகளில் இந்தத் துறையில் தாக்கம் ஏற்படுத்தக்கூடியதாகவும் தெரிய வேண்டும் என்கிறது. அதாவது பாதி மதிப்பெண், பாதி ஜோசியம். ஜோசியத்தில் வருவது நடுவரின் ரசனையும் கற்பனையும். 2022-இல் வென்ற மினியாபொலிஸ் நகரின் ஓவாம்னி, கோதுமை மாவு, பால், கரும்புச் சர்க்கரை, மாட்டிறைச்சி, பன்றி, கோழி எதுவும் இல்லாமல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் உணவைச் சமைக்கும் இடம். 'தாக்கம்' என்ற சொல் விதியில் இருந்ததால்தான் அப்படியொரு கடைக்கு வாசல் எளிதாகத் திறந்தது என்பது எங்கள் எண்ணம். அந்த விதியை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

நடுவர்கள் ஒரே ஒரு முறை போய்விட்டு எழுதலாமா? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' இல்லையா?
– வாசகர், மதுரை

பழமொழி சரி, ஆனால் அது ஒரே பானைக்குச் சொன்னது. கடையில் தினம் ஒரு பானை. திங்கள்கிழமை மதியப் பானைக்கும் ஞாயிறு இரவுப் பானைக்கும் சொந்தமே இருக்காது.

நியூயார்க் டைம்ஸில் 1957-இல் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளெய்போர்ன் கொண்டுவந்த வழக்கம் மூன்று: அடையாளம் சொல்லாமல் போவது, பலமுறை போவது, பில்லைப் பத்திரிகை கட்டுவது. அமெரிக்க உணவுப் பத்திரிகையாளர் சங்கம் வகுத்த நெறிமுறையும் ஏறக்குறைய இதுதான். கடை திறந்து ஒரு மாதமாவது பொறுங்கள், இரண்டு முறையாவது போங்கள், மூன்று என்றால் நல்லது என்றது. ஒரு ஊருக்கு ஒரு விமர்சகர் என்றால் இதைக் கடைப்பிடிக்க முடியும். நாடு முழுக்கச் சுற்றிப் பத்துக் கடை தேர்ந்தெடுக்கிற பத்திரிகைக்காரர் விமானத்தில் வந்து, ஒரே நாளில் நான்கு கடை சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஊருக்குப் போகிறார். நான்காவது கடைக்குள் நுழையும்போது அவருக்குப் பசியே இருக்காது.

அடையாளம் மறைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 1993 ஒரு பாடம். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ரூத் ரைக்கல் நியூயார்க்கின் லெ சிர்க் உணவகத்துக்கு வேடம் போட்டுப் போனார். காத்திருக்க வைத்தார்கள், மோசமான இடத்தில் உட்கார வைத்தார்கள். யாரென்று தெரிந்தபின் போனபோது ராஜ உபசாரம், தட்டில் வந்த ராஸ்ப்பெர்ரிகூடப் பெரிதாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பத்திரிகை முன்பு தந்திருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார்.

காசு கொடுத்தால் பட்டியலில் இடம் கிடைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

சில இடங்களில் கிடைத்திருக்கிறது. 2008-இல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்பவர் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் உணவகம் இருப்பதாகச் சொல்லி, ஒயின் பட்டியல் ஒன்றும் தயாரித்து, 250 டாலர் கட்டணத்தோடு வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகைக்கு அனுப்பினார். விருது வந்தது. உணவகம் மட்டும் இல்லை! விண்ணப்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நேரில் போகாமல் கொடுக்கும் எந்த விருதையும் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மிஷலின் வேறு வகை. அதன் பரிசோதகர்கள் அடையாளம் சொல்லாமல் போய், தாங்களே பில் கட்டுகிறார்கள். ஆனால் எந்த நாட்டுக்கு வழிகாட்டி வெளியிடுவது என்பதில் பணம் இருக்கிறது. தாய்லாந்துச் சுற்றுலாத் துறை 2017-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 14.4 கோடி பாட் ஒதுக்கி மிஷலினை வரவழைத்தது. நட்சத்திரம் விலைக்கு வாங்கப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. வாங்கப்பட்டது வரைபடத்தில் ஓர் இடம். இந்தியாவில் மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகம் ஒன்றுகூட இல்லை என்றால், காரணம் நம் சமையல் இல்லை. அந்த வழிகாட்டி இங்கே வருவதே இல்லை.

'உலகின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியலில் ஆயிரம் பேர் வாக்களிக்கிறார்களாமே. ஆயிரம் பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?
– வாசகர், சிங்கப்பூர்

ஆயிரம் பேரும் ஒரே கடைகளில் சாப்பிட்டிருந்தால் சரியாக இருக்கும்.

2002-இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை தொடங்கிய பட்டியல் அது. உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 40 பேர். செஃப்கள், உணவு எழுத்தாளர்கள், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் என்று மூன்று வகை. ஒவ்வொருவருக்கும் 10 வாக்கு, கடந்த 18 மாதத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். தன் கைக்காசில்தான் சாப்பிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2015-இல் பிரான்ஸில் எழுந்த எதிர்ப்பில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடற்கரை விடுதியில் 'அ' என்ற உணவகம். விளம்பர நிறுவனம் அழைத்து வந்ததால் 40 வாக்காளர்கள் சாப்பிட்டார்கள், 12 பேர் வாக்களித்தார்கள். மலையோரத்தில் 'ஆ'. தேடிப் போனவர்கள் 10 பேர், அதில் 7 பேர் வாக்களித்தார்கள். பட்டியலில் 'அ' மேலே, 12-க்கு 7. சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று பார்த்தால் 'அ' 30 சதவீதம், 'ஆ' 70 சதவீதம். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வரிசை தலைகீழ். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண்ணையும் வெளியிட்டால் பாதிச் சண்டை ஓயும்.

ஒரே கடை திரும்பத் திரும்ப முதலிடம் பிடித்ததற்கும் இதில் பங்குண்டு. முதலிடம் வந்ததும் வாக்காளர்கள் அங்கே பறக்கிறார்கள், சாப்பிட்டவர்கள் கூடுகிறார்கள், வாக்கும் கூடுகிறது. டென்மார்க்கின் நோமா 2010, 2011, 2012, 2014 என நான்கு முறை வந்தது. 2019 முதல், ஒருமுறை முதலிடம் பெற்ற கடை மீண்டும் போட்டியிட முடியாது என்று விதியை மாற்றினார்கள். நோமா இடம் மாறித் திறந்ததால் புதுக்கடையாகக் கணக்கிடப்பட்டு 2021-இல் ஐந்தாம் முறையும் வந்தது என்பது தனிச் சுவை.

உங்கள் ஊரையே பாருங்களேன். 2016-இல் மிஷலின் அங்கே முதன்முதலாக வந்தபோது ஹாக்கர் எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தது; சுமார் இரண்டு வெள்ளிக்குக் கோழிச்சோறு. 2022-இல் பினாங்குத் தமிழர் மனோ தேவரின் 'தேவர்' உணவகத்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டையும் ஒரே வரிசையில் எண் போட்டு நிறுத்தச் சொன்னால் யாரால் முடியும்? நட்சத்திரம் என்பது படிக்கட்டு, ஒரே படியில் பலர் நிற்கலாம். எண் வரிசையில் ஒருவர் தலைமேல் இன்னொருவர் நிற்க வேண்டும். எங்கள் ஓட்டு படிக்கட்டுக்கு.

நடுவர்களே வேண்டாம், கூகுள் நட்சத்திரம் போதாதா?
– வாசகி, தஞ்சாவூர்

2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் விமர்சனத் தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பாராட்டு எழுதவைத்து, லண்டனில் முதலிடத்துக்கே கொண்டுபோனார். அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை.

மோசடியை விடுங்கள், நேர்மையான நட்சத்திரத்திலும் புதுக்கடைக்கு ஒரு சிக்கல் உண்டு: எண்ணிக்கை குறைவு. 20 பேர் போட்ட 4.9-ஐயும் 2,000 பேர் போட்ட 4.4-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஊரின் சராசரி 4.1 என்று வைத்து, ஒவ்வொரு கடைக்கும் 4.1 மதிப்புள்ள 200 கற்பனை வாக்குகளைச் சேருங்கள். முதல் கடை: 20 × 4.9 + 200 × 4.1 = 918, வகுத்தல் 220 = 4.17. இரண்டாவது: 8,800 + 820 = 9,620, வகுத்தல் 2,200 = 4.37. வாக்கு ஏற ஏறக் கற்பனை வாக்கின் பிடி தளரும். 20 பேரில் பதினைந்து பேர் முதலாளியின் சொந்தக்காரர்களாக இருந்தாலும் பெரிய சேதம் வராது.

நட்சத்திரத்துக்குப் பண மதிப்பும் உண்டு. சியாட்டில் உணவகங்களை வைத்து மைக்கேல் லூகா செய்த ஆய்வில், யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. அதுவும் தனிக்கடைகளுக்கு மட்டும், பெரிய சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. பெயர் தெரியாத கடைக்குத்தான் யாரோ ஒருவரின் வாய்ச்சொல் தேவைப்படுகிறது.

எங்கள் வாசகர் வட்டம் சார்பில் 'ஊரின் சிறந்த புதிய உணவகங்கள்' பட்டியல் போட நினைக்கிறோம். நியாயமாக எப்படிச் செய்வது?
– வாசகர்கள், ஈரோடு

முதலில் முழுப் பட்டியல். நினைவுக்கு வந்த கடைகளை எழுதினால் பெரிய சாலையில் இருப்பவை மட்டும் வரும். பகுதி பகுதியாக நடந்து எழுதுங்கள். 'புதுசு' என்று சொல்பவரிடம் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பாருங்கள், சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அந்த 14 இலக்க எண்ணில் 4, 5-ஆம் இலக்கங்கள் உரிமம் பெற்ற ஆண்டு. இதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு கிளைக்கும் தனி உரிமம் என்பதால், முப்பது வருடக் கடையின் புதுக் கிளையும் 'புதுசு' போலத் தெரியும். கிளைகள், பெயர் மட்டும் மாறிய கடைகள் சேருமா சேராதா என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். பிறகு முடிவு செய்தால் தெரிந்தவருக்காக வளைத்ததாகவே பேசுவார்கள்.

கடைசித் தேதி செப்டம்பர் 30 என்று வையுங்கள். சாப்பிடப் போவது ஜனவரி முதல் மார்ச் வரை. எந்தக் கடைக்கும் குறைந்தது 90 நாள் கிடைத்துவிடும்.

காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு பரோட்டா–பிரியாணி, ஏசி குடும்ப உணவகம் என்று பிரியுங்கள். இட்லிக் கடையையும் தந்தூரிக் கடையையும் மோதவிடாதீர்கள்.

24 கடைகள், 6 நடுவர்கள், கடைக்கு 3 முறை என்றால் 72 வருகை. ஆளுக்கு 12, மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒன்று, வயிறு தாங்கும். மூன்று வருகைக்கும் மூன்று வேறு நடுவர்கள், அதில் ஒன்றாவது ஞாயிறு கூட்டத்தில். இரண்டு பேர் சாப்பிட 700 ரூபாய் என்று போட்டால் 50,400 ரூபாய். இந்தப் பணம் திரளவில்லை என்றால் கடைகளைக் குறையுங்கள், வருகையைக் குறைக்காதீர்கள். 'நாங்களே விருந்து வைக்கிறோம்' என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

டிபன் கடை என்றால் எல்லாக் கடையிலும் இட்லி, சாதா தோசை, காபி கட்டாயம். கூடவே சப்ளையர் சிபாரிசு செய்யும் ஒன்று. முதல் மூன்றும் ஒப்பிட, நான்காவது கடையின் தனித்தன்மை தெரிய. மதிப்பெண் ருசிக்கு 50, அதே பண்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறதா என்பதற்கு 20, சுத்தமும் கவனிப்பும் 15, கொடுத்த காசுக்குத் தகுமா என்பதற்கு 15. கை கழுவிய ஒரு மணி நேரத்துக்குள் தாளில் எழுதி உறையில் போட்டுவிட வேண்டும். நடுவர்கள் இடையில் பேசிக்கொண்டால் முதலில் பேசியவரின் கருத்தே எல்லோர் நாக்கிலும் ஏறிவிடும்.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. நடுவர்களில் ஒருவர் வள்ளல், ஒருவர் கஞ்சன் என்று இருப்பார்கள். வள்ளலின் சராசரி 82, அவர் ஒரு கடைக்கு 85 போட்டார். கஞ்சனின் சராசரி 64, அவர் இன்னொரு கடைக்கு 76 போட்டார். பார்த்தால் 85 பெரிது. தத்தம் சராசரியைக் கழித்தால் முன்னது +3, பின்னது +12. இப்படிக் கழித்து வந்த எண்களைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் வள்ளலுக்கு நல்ல கடைகளாகவே அமைந்துவிட்டால் இந்தக் கழித்தல் அவற்றைத் தண்டித்துவிடும். அதனால் யார் எந்தக் கடை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள்.

கடைசியில் எண் போடும் ஆசை வரும். ஒரே கடைக்கு மூன்று நடுவர்கள் 68, 74, 80 போட்டிருந்தால் சராசரி 74. பக்கத்துக் கடை 73. அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை, அடுத்த வாரம் போயிருந்தால் மாறியிருக்கும். 'மிக நன்று', 'நன்று' என்று இரண்டு அடுக்காக, அகர வரிசையில் வெளியிடுங்கள். எத்தனை கடைகளைப் பார்த்தோம், எந்தத் தேதிகளில், யார் பணத்தில் என்பதையும் கீழே அச்சிடுங்கள். கடைகளுக்கு அரிசி, பால், மளிகை போடுகிறவர் நடுவராக இருந்தால் 'வேலிக்கு ஓணான் சாட்சி'தான். பட்டியலில் வந்த கடையிடம் ஆறு மாதம் விளம்பரம் வாங்காதீர்கள்.

புதிதாக மெஸ் தொடங்கியிருக்கிறோம். ஒரு பட்டியலில் பெயர் வந்து கூட்டம் தாங்கவில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?
– வாசகி, சேலம்

இரண்டும். 2000 முதல் 2014 வரை நியூயார்க்கில் திறந்த உணவகங்களை டேனியல் சேண்ட்ஸ் ஆராய்ந்தார். அவற்றில் மிஷலின் நட்சத்திரம் பெற்றவற்றில் 40 சதவீதம் 2019 முடிவதற்குள் மூடிவிட்டன. கூட்டம் வந்தது. ஆனால் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றினார், சரக்குப் போடுகிறவர் விலையை ஏற்றினார், சமையல்காரர் அதிகச் சம்பளம் கேட்டார் அல்லது பக்கத்துக் கடை அவரை இழுத்துக்கொண்டது. வந்த புது வாடிக்கையாளரும் பட்டியலைப் பார்த்து வந்தவர், எதிர்பார்ப்பு அதிகம்.

அதனால் இந்த வாரமே வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 11 மாத ஒப்பந்தமாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு, ஆண்டு உயர்வு இத்தனை சதவீதம் என்று எழுதி, பதிவும் செய்துவிடுங்கள். அடுத்து மாஸ்டரின் சம்பளம். அவர் கேட்கும் முன் நீங்களே உயர்த்துங்கள். மதியம் 80 சாப்பாடு நன்றாக வருகிறது என்றால் 100 வரை போகலாம், 160-க்குப் போகாதீர்கள். அதே குண்டானில் இரட்டிப்புச் சாதம் வடித்தால் அடி குழைந்து மேல் நறுக்கென்று நிற்கும். தாளிப்பையும் அப்படியே இரண்டால் பெருக்கினால் பெருங்காயமும் மிளகாயும் தூக்கிவிடும். டோக்கன் கொடுங்கள், தீர்ந்தால் தீர்ந்தது. பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை பந்தியில் இடம் ஒதுக்குங்கள். பட்டியல் பார்த்து வந்தவர்கள் அடுத்த பட்டியல் வந்ததும் போய்விடுவார்கள்.

பட்டியலே வேண்டாம் என்று கடைக்காரர் விலகிக்கொள்ள முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

கேட்டுப் பார்க்கலாம், முடிவு பட்டியல் போடுகிறவர் கையில். பிரான்ஸில் லகியோல் என்ற ஊரில் மூன்று நட்சத்திர உணவகம் நடத்திய செபாஸ்தியன் பிரா, 2017-இல் தன்னை விட்டுவிடும்படி மிஷலினைக் கேட்டார். 2018 பதிப்பில் அவர் கடை இல்லை. 2019 பதிப்பில் திரும்ப வந்தது, இரண்டு நட்சத்திரத்தோடு. அதே 2019-இல், நட்சத்திரம் ஏன் குறைந்தது என்ற குறிப்புகளைக் காட்டச் சொல்லி மார்க் வேரா என்ற செஃப் நீதிமன்றம் போய்த் தோற்றார்.